படித்துக் காட்டக் கேட்டு

பொய் சொல்லும் மனிதனைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். அரசு ஆவணத்துக்குக் கண் கிடையாது, முத்திரைதான் உண்டு. அந்த முத்திரைகளை உற்றுப் பார்த்துப் பார்த்து, கடைசியில் செண்பகவல்லிக்குத்தான் கண் போய்க்கொண்டிருந்தது.

பாளையங்கோட்டையில், ஒரு காலத்தில் பாடப்புத்தகங்கள் அடுக்கி வைத்திருந்த கிடங்கில், 'ஆதாரத் தகுதி ஆய்வுத் திட்டம்' நடந்துகொண்டிருந்தது. பெயர்தான் நீளம். ஆட்கள் இரண்டே பேர்: இயக்குநர் ஜெபநேசன், ஆய்வாளர் செண்பகவல்லி. தலைக்கு மேலே ஒரு மின்விசிறி. அவர்கள் இருவரையும் போலவே அதுவும் ஒப்பந்த ஊழியர்தான் என்று ஜெபநேசன் சொல்வார், நினைத்தால்தான் சுற்றும்.

வேலை இதுதான். நாளைக்கு வரலாறு எழுதுகிறவர்களும் இன்றைக்கு வழக்கு நடத்துகிறவர்களும் எந்த அரசு ஆவணத்தை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும். முதல் தரம் என்றால் ஆதாரமாகக் கொள்ளலாம். மூன்றாம் தரம் என்றால் கூடாது. இரண்டாம் தரம் என்று ஒன்று தொடக்கத்தில் இருந்தது. எல்லா ஆவணங்களையும் அதிலேயே போட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருந்ததால், அரசு அதை எடுத்துவிட்டது.

"மேடம், தென்கோட்டத் தொகுதி வந்திருச்சு," என்றார் ஜெபநேசன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க இத்தன வருஷமா கேட்டுக்கிட்டிருந்த தொகுதி."

செண்பகவல்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. முட்டி வலிதான் வந்தது.

"சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிருதேன். கீழ வெள்ளமடைக் கூட்டமும் இதுக்குள்ளதான் இருக்கு. கோர்ட்டு கேட்டிருக்கிறது அதைத்தான்."

கீழ வெள்ளமடை விவகாரம் அவளுக்கும் தெரியும். அரசின் எல்லா ஆவணங்களையும் சுமக்கிற இயந்திரங்களை ஓரிடத்தில் அடுக்கி வைக்க ஒரு நிறுவனம் இடம் கேட்டது. இயந்திரம் சூடாகும், குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும், ஆகவே ஊர்க் கண்மாயும் வேண்டும் என்றது. கருத்துக் கேட்புக் கூட்டத்தின் பதிவைப் பார்த்தால், ஊர்க்காரர்கள் வெளுத்து வாங்கியிருந்தார்கள். அரசு அனுமதி மறுத்துவிட்டது. கண்மாய் தப்பியது. இப்போது அந்த நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய், அன்றைக்குப் பேசியது ஊர்க்காரர்கள் இல்லை, அவர்களுடைய சாயல்கள், பதிவு செல்லாது என்கிறது.

சாயல் என்பது அந்தக் கால அரசு கண்டுபிடித்த சுருக்கு வழி. கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் ஆள் வருவதில்லை, வந்தால் நாற்காலி பறக்கிறது. எனவே ஒவ்வொரு குடிமகனும் அதுவரை அரசிடம் பேசியது, எழுதியது அத்தனையையும் ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்து, அவரைப் போலவே யோசித்துப் பேசுகிற ஒரு சாயலை உண்டாக்கிவிட்டார்கள். வர முடிந்தவர்கள் தாலுகா ஆபீஸில் வைத்திருந்த கூண்டுக்குள் தனியே போய்ப் பேசிவிட்டு வரலாம். வராதவர்களுக்குப் பதிலாக அவர்கள் சாயல் பேசும். இரண்டும் ஒரே மாதிரிதான் அச்சாகும்: 'இன்னார் கூறியதாவது'. எது வாய், எது சாயல் என்று எங்கேயும் குறிப்புக் கிடையாது. கேட்டதற்கு, குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்று பதில் வந்தது.

செண்பகவல்லியின் அம்மா சங்கரவடிவு அந்தக் கூண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் புளியடித் தெருவை அகலமாக்க, வீட்டை இடித்துக்கொள்ளலாம் என்று 'சங்கரவடிவு கூறியதாவது' என்ற பத்தி அச்சாகியிருந்தது. வீடு போயிற்று. தெருவே போயிற்று. அம்மா மகள் வீட்டுக்கு வந்து, மூச்சு நிற்கும்வரை அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் சரின்னு சொல்லலட்டீ." தென்கோட்டத் தொகுதி மூன்றாம் தரமானால் அந்தப் பத்திக்குப் பக்கத்தில் 'ஆதாரமன்று' என்று ஒரு வார்த்தை ஏறும். வீடு திரும்பாது, அம்மா திரும்பமாட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் செண்பகவல்லி இந்த ஓட்டை மின்விசிறிக்குக் கீழே இத்தனை காலம் உட்கார்ந்திருந்தாள்.

"மாதிரி சாட்சி யாரு?" என்று கேட்டாள்.

"குலுக்கல்ல முத்துப்பேச்சின்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. கீழ வெள்ளமடைதான்." ஜெபநேசன் கொஞ்சம் தயங்கினார். "உங்க அம்மா கேஸும் இதே தொகுதியில இருக்கு. முறைப்படி பாத்தா நீங்க போகக் கூடாது. வேற ஆளத்தான் அனுப்பணும்."

"வேற ஆள் யாரு சார் இருக்கா?"

ஜெபநேசன் மேலே பார்த்தார். மின்விசிறி நின்றிருந்தது.

மாதிரி சாட்சி என்ற முறையைக் கொண்டுவந்தவளே செண்பகவல்லிதான். பத்திரப் பதிவில் ஒரு பழைய வழக்கம் உண்டு. எழுதிக் கொடுப்பவருக்கு முழுப் பத்திரத்தையும் படித்துக் காட்டி, 'படித்துக் காட்டக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டார்' என்று கடைசியில் எழுதுவார்கள். அதையே இங்கும் செய்யலாம் என்றாள். ஒரு தொகுதிக்கு ஒரு சாட்சி. அவர் பேசியதாக உள்ள பக்கத்தை அவர் முன்னால் போய்ப் படிக்க வேண்டும். பிறகு ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, இதை நீங்கள் நேரில் சொன்னீர்களா என்று கேட்க வேண்டும். ஆமென்றால் தொகுதி முழுக்க முதல் தரம், இல்லையென்றால் முழுக்க மூன்றாம் தரம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். வீடு வீடாகப் போக ஆளும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

மறுநாள் மத்தியானம் கீழ வெள்ளமடையில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கண்மாய்க் கரையில் உடைமர நிழலில் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டிய, ஒடிசலான உடம்பு. கண்மாயில் பாதித் தண்ணீர் கிடந்தது. ஆடுகள் அதன் ஓரத்தில் ஆளுக்கொரு பக்கம் முகம் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன.

"பாளையங்கோட்டையில இருந்தா வாரீய? இந்த வெயில்லயா?" முத்துப்பேச்சி தன் தூக்குச்சட்டியிலிருந்து மோரை ஊற்றி நீட்டினாள். "குடிச்சிட்டுப் பேசுங்கம்மா. நாக்கு வறண்டிருக்கு பாருங்க."

செண்பகவல்லி குடித்தாள். வந்த காரியத்தைச் சொன்னாள். பிறகு பக்கத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினாள்.

'முத்துப்பேச்சி கூறியதாவது: கம்மாயில தண்ணி கெடந்தா ஆடு குடிக்கும், கொக்கு குடிக்கும், வழியில போறவன் குடிப்பான். யாரும் யாருகிட்டயும் கேக்க மாட்டான். நீங்க குழா போட்டுத் தாரேங்கீய. குழாயில யாரு குடிக்கணும்னு நாளைக்கு நீங்கதான சொல்லுவீய? எம் புருசன் செத்த வருசம் மழையே இல்ல. நடுக் கம்மாயில ஊத்துத் தோண்டித்தான் எம்புள்ளையக் காப்பாத்தினேன். உங்க கடுதாசிய வச்சிருக்க மிசினுக்குப் புழுங்குதுன்னா, அது குளிக்க எங்க தண்ணியா கெடச்சுது?'

படித்து முடித்துத் தலையை நிமிர்த்தினாள். முத்துப்பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா படிங்கம்மா."

செண்பகவல்லி மறுபடி படித்தாள்.

"நல்லாத்தான் பேசியிருக்கேன்," என்றாள் முத்துப்பேச்சி. "எங்க ஊருல ஒரு ஆம்பள இப்படிக் கேட்டதில்ல."

"அக்கா, இன்னும் நான் ரெக்கார்டரப் போடல. சும்மாதான் கேக்கேன். நீங்க தாலுகா ஆபீஸ்ல கூண்டுக்குள்ள போயி இதச் சொன்னீங்களா?"

"நான் எங்க போனேன்? ஆட்ட யாரு பாப்பா?"

"அப்ப இது உங்க சாயல் பேசினது."

"சாயலோ என்னமோ. ஆனா இது அத்தனையும் நான் சொன்னதுதாம்மா. கூண்டுல சொல்லல. போன்ல சொன்னேன்."

"எந்தப் போன்ல?"

"அதான், கவுருமெண்டுக்குக் கொற சொல்லுத நம்பரு. அவரு செத்த பெறகு பேச்சுத் தொணைக்கு ஆளில்ல. ஆட்ட விட்டுட்டு இந்த மரத்தடியில உக்காந்து அதுக்குப் போடுவேன். எங்க ஊருல பொம்பளைய நெறையப் பேரு அதான் செய்வோம். எடுத்த ஒடனே மனசுல உள்ளதச் சொல்ல முடியுமா? தெருவெளக்கு எரியலன்னு ஆரம்பிப்போம். அந்தக் கொரலு, சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்லும். அப்புறம் வெளக்க விட்டுட்டு மத்ததெல்லாம் சொல்லுவோம். கம்மாய எடுக்கப் போறாவன்னு கேள்விப்பட்ட அன்னைக்கு, ஒரு பாட்டம் அழுது தீத்தேன். அதையெல்லாம் கோத்து வச்சிருக்கான் பாருங்க, மாலை மாதிரி."

செண்பகவல்லி கையிலிருந்த பக்கத்தை மறுபடி பார்த்தாள். இத்தனை வருடமும் சாயல் என்றால் பொய் என்றே அவள் நினைத்திருந்தாள். யார் எழுதியது, எப்போது, எதற்காக, யார் கேட்க என்று ஆவணத்தைக் கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, போன்ல சொன்னது கணக்குல வராது. நேர்ல சொன்னீங்களா இல்லையான்னுதான் கேக்கணும். இல்லைன்னா இந்தப் பதிவு செல்லாது. கண்மாய்க்கு மறுபடி கூட்டம் போடுவாங்க. இந்தத் தடவ ஊருக்குள்ளயே பந்தல் போட்டு, உங்களயெல்லாம் உக்கார வச்சுக் கேப்பாங்க. இதையே நீங்க அங்க எந்திரிச்சுச் சொல்லலாம்."

முத்துப்பேச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

"எம்மவன் சுடலைமணி, வேலப்பனோட லாரியத்தான் ஓட்டுதான். அந்த மிசின் கெடங்குக்கு மண்ணடிக்கிற காண்ட்ராக்ட்டு வேலப்பனுக்குத்தான். அவன் முன்வரிசையில உக்காந்திருக்க, நான் எந்திரிச்சு இதச் சொல்லவா? நானும் சரின்னுதான் சொல்லுவேன், ஊரும் சரின்னுதான் சொல்லும்."

"அப்ப இதுவரைக்கும் வேலப்பன் உங்கள ஒண்ணும் சொல்லலையா? உங்க பேருலதான இது அச்சாகியிருக்கு."

"நான் பேசினேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? மிசின் ஒளறிருச்சுன்னுதான் அவன் எல்லார்கிட்டயும் சொல்லுதான். நாங்களும் ஆமா, ஒளறிருச்சுன்னு சொல்லிக்கிட்டோம். அவனுக்கும் மானம் போகல, எங்களுக்கும் சோறு போகல, கம்மாயும் கெடக்கு." அவள் குரல் திடீரென்று ஏறியது. "யாரு பேசினான்னு தெரியாம இருந்தவரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. நீங்க ஏம்மா வந்து கேட்டீய?"

செண்பகவல்லிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. உண்மையைத் தேடிப் போவதில் யாருக்கும் நஷ்டம் வராது என்றுதான் இந்த முறையை உண்டாக்கினாள். படித்துக் காட்டியாயிற்று. இனி சாட்சி வாய் திறக்காவிட்டால், அதையும் இல்லை என்றே எழுத வேண்டும். அந்த விதியையும் அவள்தான் எழுதியிருந்தாள்.

"ஆமான்னா?" என்றாள் முத்துப்பேச்சி.

"ஆமான்னா இந்தப் பதிவு நிக்கும். கண்மாயத் தொட முடியாது. ஆனா நீங்கதான் பேசினதுன்னு ஆயிரும். வேலப்பனுக்கும் தெரிஞ்சுரும்."

"உங்க மொகம் ஏம்மா இப்படி வாடுது? ஆமான்னா உங்களுக்கு என்ன?"

சொல்லியிருக்கக் கூடாது. சாட்சியிடம் சொந்தக் கதை பேசக் கூடாது என்பது முதல் பாடம். ஆனால் மோர் கொடுத்தவளிடம் அவளால் மறைக்க முடியவில்லை. அம்மாவைப் பற்றிச் சொன்னாள். புளியடித் தெருவைச் சொன்னாள். இரண்டு பக்கங்களும் ஒரே தொகுதியில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே தரம்தான் என்பதையும் சொன்னாள்.

"அப்ப நான் ஆமான்னு சொன்னா, உங்க அம்மாவும் சரின்னு சொன்னதா ஆயிருமா?"

"ஆயிரும்."

"அவிய இப்ப இல்ல?"

"இல்ல."

முத்துப்பேச்சி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆடு வந்து அவள் முந்தானையை இழுத்தது. அதைத் தள்ளிவிட்டாள்.

"நீங்க என்ன சொல்லச் சொல்லுதீய?"

"நான் எதுவும் சொல்லக் கூடாது அக்கா." அதற்கு மேல் பேசினால் அழுகை வந்துவிடும் என்று செண்பகவல்லிக்குப் பட்டது. ஒலிப்பதிவை இயக்கினாள். பெயர், ஊர், தேதி எல்லாம் சொன்னாள். "இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டக் கேட்டீர்கள். இதை நீங்கள் நேரில் சொன்னீர்களா?"

முத்துப்பேச்சி எழுந்து நின்றாள். சேலையைச் சரிசெய்து, எதிரே ஆபீசர் நிற்பதுபோல் நேராகப் பார்த்தாள்.

"ஆமா. நான்தான் சொன்னேன். தாலுகா ஆபீசுல கூண்டுக்குள்ள போயி, நின்னு சொன்னேன். உள்ள காத்தாடி ஓடல. வேர்த்து ஊத்துச்சு. கதவத் தொறந்து வைங்கன்னு கூடச் சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. இன்னைக்குக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்."

ஒலிப்பதிவு நின்றது. இல்லாத காத்தாடிக்கு வேர்த்தவள் உண்மையாகவே வேர்த்திருந்தாள்.

"பையன் வேல?" என்றாள் செண்பகவல்லி.

"வேற லாரி பாத்துக்கிடட்டும்." சொன்னாளே தவிர, தூக்குச்சட்டி மூடியைத் தலைகீழாகப் போட்டு மூடினாள். "உங்க அம்மாட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிருங்க. சாமி கும்புடும்போது சொன்னாப் போதும்."

பஸ் நிறுத்தத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. செண்பகவல்லி அதில் உட்கார்ந்து கையடக்கத் திரையைத் திறந்தாள். கடைசிக் கட்டம் ஒன்று பாக்கி. 'சாட்சி உண்மைக்குப் புறம்பாகப் பேசினார் என ஆய்வாளர் கருதுகிறாரா?' ஆம் என்று தொட்டால் போதும், தொகுதி மூன்றாம் தரமாகிவிடும். அது பொய்யும் ஆகாது. விதிப்படி அதுதான் சரி. அம்மாவுக்கு ஒரு வார்த்தை கிடைக்கும்.

இறந்துபோன ஒருத்திக்கு ஒரு வார்த்தை, உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு கண்மாய் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு சுலபமாகத்தான் வந்தது. அப்படிச் சுலபமாக வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அம்மா எப்போதும் அப்படித்தான், யாருக்காவது விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அவள் பெயர்தான் வரும்.

'இல்லை' என்பதைத் தொட்டாள். திரையில் 'முதல் தரம்' என்று வந்தது. இனி சங்கரவடிவு தன் வீட்டை இடிக்கச் சம்மதித்தவள். அதற்கு ஆதாரம் உண்டு, மகளே கையெழுத்திட்டிருக்கிறாள்.

ஜெபநேசன் உடனே கூப்பிட்டார். "மேடம், முதல் தரம்னு வருது. தப்பாத் தொட்டுட்டீங்களா?"

"இல்ல சார்."

"உங்க அம்மா..."

"தெரியும் சார். படிச்சுக் காட்டினேன், கேட்டாங்க, ஒத்துக்கிட்டாங்க. விதிதான?"

"விதிதான்," என்றார் அவர். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

பஸ் வரக் காணோம். எதிரே கண்மாய்க் கரையில் முத்துப்பேச்சி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவது சின்னதாகத் தெரிந்தது. போனைக் காதில் வைத்திருந்தாள். மகனிடம் பேசுகிறாளோ, அந்தக் குரலிடம் பேசுகிறாளோ.

செண்பகவல்லி கையிலிருந்த போனைப் பார்த்தாள். குறை சொல்லும் எண் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாழ்நாளில் ஒரு தடவை கூட அவள் அதை அழைத்ததில்லை. அங்கே பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அரசுப் பதிவில் போய்ச் சேரும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அழைத்தாள்.

"வணக்கம். உங்கள் குறை என்ன?" என்றது குரல்.

"தெருவிளக்கு எரியல," என்றாள்.

"எந்தத் தெருவில்?"

"புளியடித் தெருவுல."

"மன்னிக்கவும். அந்தப் பெயரில் தெரு எதுவும் பதிவில் இல்லை."

"இருந்துச்சு," என்றாள் செண்பகவல்லி. "எங்க அம்மா அங்கதான் இருந்தா. சங்கரவடிவுன்னு பேரு."

"சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

செண்பகவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி பெஞ்சில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க அம்மா சரின்னு சொல்லல," என்று ஆரம்பித்தாள்.